அழுகண்ணிக்கு மழைத்தண்ணீர்

என் கணவர் அந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நான் சண்டை பிடித்தேன். பேராதனைப் பக்கம் பாதையோரத்தில் செடி விற்கிற ஒருவரிடம் வாங்கி, தயிர்க் கப் அளவுள்ள சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். ரோசா என்றால் சரி. ஓர்க்கிட் என்றால் இன்னும் சரி. இது என்ன கோலம்? விரல் நீளத்துக்கு ஒடுங்கிய இலைகள், இலை முழுக்கச் சிவப்பு முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. வெளிச்சம் பட்டால் மினுங்கும். தண்ணீரோ தேனோ என்று நினைத்து வந்து உட்காருகிற ஈயோ நுளம்போ அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்து முடிகளெல்லாம் மெல்லச் சாய்ந்து அதன்மேல் படுக்கும், இலையும் சுருளும். நாலைந்து நாளில் சக்கைதான் மிஞ்சும்.

"தமிழ்ல இதுக்கு அழுகண்ணிண்டு பேராம்" என்றார், எங்கேயோ படித்துவிட்டு வந்து.

"அழுகண்ணியோ சிரிப்புக்கண்ணியோ, ஊட்டுக்குள்ள கொல செய்ற சாமான் எனக்கு வேணாம்" என்றேன்.

"நீ பேப்பரச் சுருட்டி அடிக்கிறியே, அதுக்கு என்ன பேரு?"

செடி குசினி ஜன்னலில் குடியேறிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தது.

அவர் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். எதற்கும் லேபல் ஒட்டாமல் இருக்கமாட்டார். எங்கள் வீட்டுச் சீனி டின்னில்கூட "சீனி" என்று எழுதி ஒட்டியிருந்தார். திறந்தால் தெரியாதா, சீனியா உப்பா என்று? அந்த மனிதர் செடிக்கு ஒரு சட்டமும் எழுதிச் சட்டியில் ஒட்டினார்: மழைத்தண்ணீர் மட்டும். பைப் தண்ணீர் கூடாது, கடைப் போத்தல் தண்ணீரும் கூடாது. இந்தச் செடி சத்தே இல்லாத சேற்றில் வளர்ந்து பழகியதாம். மண்ணில் கிடைக்காததால்தான் பூச்சியைப் பிடித்துத் தின்கிறதாம். தண்ணீரில் இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் வேருக்கு நஞ்சாம். மஹய்யாவையில் எங்களுடையது மேல்மாடி வீடு. பின்னால் உடுப்புக் காயப்போடுகிற, கூரையில்லாத சின்னச் சிமெந்துத் தட்டு ஒன்று உண்டு. மழை வந்தால் போதும், என் உடுப்பை எடுக்க ஓடி வரமாட்டார். ஸ்டூல் மேல் பேசினை வைக்கத்தான் ஓடுவார். கூரையில் விழுந்து வருகிற தண்ணீர் ஆகாது, நேரே வானத்திலிருந்து விழ வேண்டும். சேர்த்ததைப் போத்தல்களில் வடித்து, எந்த மாதத்து மழை என்று மார்க்கர் பேனையால் எழுதி, குசினி மேசைக்குக் கீழே அடுக்கி வைப்பார். மழைக்கு லேபல் ஒட்டிய ஒரே மனிதர் இந்தக் கண்டியில் அவராகத்தான் இருப்பார்.

அவர் டிசம்பரில் போய்விட்டார்.

வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர், கண்டி வந்த பிறகும் இறங்கவில்லை. தூங்குகிறாராக்கும் என்று கொண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. கொஞ்சம் சீரியஸ், உடனே வாங்க என்று மட்டும் சொன்னார்கள். நான் அலுமாரியைத் திறந்து ஸம்ஸம் போத்தலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். எங்களுடைய வீடுகளில் அப்படி ஒரு வழக்கம். மக்காவுக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவருகிற ஸம்ஸம் தண்ணீரில் ஒரு சின்னப் போத்தலைத் தொடாமல் எடுத்து வைப்போம், உயிர் பிரிகிற நேரம் வாயில் விடுவதற்கு. நாங்கள் இருவரும் உம்ராவுக்குப் போனபோது கொண்டுவந்தது அது. உனக்கா எனக்கா என்று பகிடி பேசித்தான் அலுமாரியில் வைத்தோம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முகத்தை மூடியிருந்தார்கள். பஸ்ஸிலேயே முடிந்துவிட்டதாம். போத்தல் போன மாதிரியே திரும்பி வந்தது.

எங்களுக்கு ஒரே மகள். கட்டாரில் இருக்கிறாள். அப்போது எட்டு மாதம் நிறைந்து நின்றாள், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அடுத்த நாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன்னாலேயே ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். எங்களில் காத்திருப்பது கிடையாது. அன்றைக்குப் பின்னேரம் அவள் என்னோடு பேசினாள்.

"உம்மா, நீங்க போகக்குள்ள வாப்பாக்கு உசிர் ஈந்ததா?"

"ஈந்திச்சி."

"ஸம்ஸம் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் மகள். குடிச்சார். கலிமாவும் சென்னார்."

எப்படி வாயில் வந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் விம்முகிறவளுக்கு நான் வேறு என்னத்தைச் சொல்வது? உன் வாப்பாவை ஒரு கொண்டக்டர் தட்டி எழுப்பப் பார்த்தான் என்றா? நான் சொன்னதைக் கேட்டதும் அவளுடைய அழுகை அடங்கியது. "அல்ஹம்துலில்லாஹ், அது போதும்" என்றாள். கணவருடைய அக்கா, என் மதினி, தெல்தெனியவிலிருந்து வந்து எனக்குத் துணையாக நின்றவர், பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "சரி, செல்லிட்ட. இனி அந்தப் போத்தல அவட கண்ணுல காட்டிராத."

போத்தலை அலுமாரிக்குள் உடுப்புக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் திரும்பவும் பேசினாள். "உம்மா, வாப்பாட செடி எப்பிடி ஈக்கி? அத நல்லா பாத்துக்கங்க. நான் வாப்பாட முகத்தப் பாக்கல்ல. ஏப்ரல்ல வரக்குள்ள அதயாவது உசிரோட பாக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். இறந்தவரைப் பற்றிச் சொன்ன பொய்க்குப் பதிலாக இந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைராக்கியம் வந்துவிட்டது. நான் வெறுத்த செடிக்கு நானே ஆயா.

நான் இத்தா இருந்தேன். கணவன் மவுத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது. வெள்ளை உடுப்பு, வெளியே இறங்குவதில்லை, அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை. முதல் கிழமை வீடு கொள்ளாத சனம். கதிரை காணாமல் பாயை விரித்தோம். ஒவ்வொருவருக்கும் அவர் எப்படிப் போனார் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை அடைத்துவிட்டது. நாற்பதாம் நாள் முடிந்த பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மதினிக்கும் குடும்பம் இருக்கிறதே, சனிக்கிழமைகளில் மட்டும் வந்து சாமான் வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். பெப்ரவரியில் ஒரு கிழமை, திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும், போனைத் தவிர என் வாய் ஒரு மனிதரோடும் பேசவில்லை. தனிமை என்றால் என்னவென்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் வேலைக்குப் போன பகல்களில் நான் தனியாக இருந்ததுண்டு. ஆனால் அது ஆறு மணியோடு முடிகிற தனிமை. இப்போதும் ஆறு மணியானால் காது படிக்கட்டுப் பக்கம் போனது. கீழ்வீட்டுக்காரர் ஏறினால்கூட எழும்பி நின்றுவிடுவேன். வெட்கம்கெட்ட காது.

எதிர்க் கட்டடத்தில் பொடியன்மார் வாடகைக்கு இருந்ததால் குசினி ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டியிருந்தது. கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்தது, பூச்சி வரவில்லை. செடி பட்டினி. எனக்குப் பாவமாக இருந்தது. வாழைப்பழத் தோலை ஒரு போத்தலில் போட்டு மூலையில் வைத்தேன். மூன்றாம் நாள் பழத்துக்கு வருகிற சின்னக் கொசுக்கள் மொய்த்தன. பேப்பரைச் சுருட்டி ஈ அடித்த நான், ஈர்க்கால் ஒவ்வொரு கொசுவாக எடுத்து அந்த இலைக்கு ஊட்டினேன். பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பேன். அந்த முடிகள் சாய்வதைக் கண்ணால் காண முடியாது. தொழுகையில் ஒரு ரக்அத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மணிக்கூட்டு முள் நகர்கிற மாதிரித்தான். லுஹர் தொழுதுவிட்டு வந்தால் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பின்னேர அஸருக்கு மூடியிருக்கும். அந்த வீட்டில் என்னைத் தவிர அசைகிற உயிர் அது ஒன்றுதான்.

பேசவும் தொடங்கினேன். செடியோடு இல்லை, அவரோடு. சண்டைதான். "ஒரு சொல்லு செல்லாம எப்பிடிப் போனீங்க? பஸ்ஸுல நெஞ்சு வலிச்சா பக்கத்துல ஈக்கிறவனுக்குச் செல்ல ஏலாதா? கூச்சமா? மழைக்கு லேபல் ஒட்டத் தெரியும், நோவுதுண்டு செல்லத் தெரியாதா?" அவர் உயிரோடு இருந்த காலத்தில் இவ்வளவு சத்தமாகச் சண்டை பிடித்ததில்லை. கேட்க ஆளில்லாத சண்டை எவ்வளவு கேவலம் என்று பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மகளுக்கு ஜனவரியில் பெண் பிள்ளை பிறந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். பிள்ளையை எனக்குக் காட்டுவாள், நான் செடியை அவளுக்குக் காட்டுவேன். இலையில் ஒட்டிய கொசுவைக் கிட்டக் காட்டச் சொல்லி, "வாப்பா ஈந்தா போட்டோ எடுத்து அனுப்புவாங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் கிழமை முழுவதும் கொசு பிடித்தேன்.

மழைப் போத்தல்கள் ஏழு இருந்தன. டிசம்பரில் போதும் போதும் என்று தோன்றியது. ஜனவரி பாதியோடு கண்டியில் மழை நின்றது. பெப்ரவரி காய்ந்தது. சட்டிக்குக் கீழே தட்டில் எப்போதும் விரல் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். நிரப்பி வைத்தால் அடுத்த நாள் வெயில் குடித்துவிடும். அவருடைய எழுத்துள்ள போத்தல்களை ஒவ்வொன்றாக முடித்தேன். மார்ச் தொடங்கியபோது "நொவம்பர்" என்று எழுதியது மட்டும் மிஞ்சியது. அதை மூடியால் அளந்து அளந்து ஊற்றினேன். மதினியிடம் தெல்தெனியப் பக்கம் மழையா என்று கேட்டேன்.

"எங்க மழ? விக்டோரியா டேமே வத்திப் போய் கெடக்கு. ஏன்?"

"செடிக்கு."

"அல்லாஹ்வே, மவுத்தூட்டுல ஈந்துட்டு செடிக்கு மழத்தண்ணி தேடுறியா? பைப் தண்ணிய கொதிக்கவச்சி ஆறவச்சி ஊத்து. பச்சப் பிள்ளக்கே அதத்தானே குடுக்குறோம்."

கொதித்தால் உப்பு போகாது என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. வேறு யாரிடமும் கேட்க ரோஷம் விடவில்லை. புருஷன் போன துக்கத்தில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும்.

நொவம்பரும் முடிந்தது. தட்டு காய்ந்தது. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன், வானம் கண்ணாடி. மூன்றாம் நாள் இலை நுனிகளில் பசை சிறுத்துவிட்டது. லுஹர் தொழுதுவிட்டு அப்படியே முஸல்லா விரிப்பில் உட்கார்ந்து யோசித்தேன். பைப் தண்ணீரில் மருந்து போடுகிறார்கள். கடைத் தண்ணீரில் என்னென்னவோ கலந்திருக்கிறதென்று அவரே போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்படியானால் கையே படாத சுத்தமான தண்ணீர் இந்த வீட்டில் எது? கேட்ட உடனேயே பதில் வந்துவிட்டது. நானே திகைத்துப் போனேன். ஸம்ஸமைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் எங்கே இருக்கிறது? எங்களுக்கு அதில் சந்தேகமே வராது. அல்லாஹ் அனுப்பிவைத்த மாதிரித்தான் இருந்தது.

அலுமாரியைத் திறந்தேன். உடுப்புக்குப் பின்னால் போத்தல் அப்படியே இருந்தது, மூடியின் சீல்கூட உடையாமல். பிஸ்மில்லாஹ் சொல்லித் திருகினேன். வேரில் கொஞ்சம், தட்டில் கொஞ்சம். ஊற்ற ஊற்ற எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொல்வதென்றால் அந்த நேரம் நான் செடிக்கு ஊற்றவில்லை. அவருடைய வாயில்தான் விட்டேன். "குடிங்க, குடிங்க" என்று சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். நான் மகளிடம் சொன்ன பொய் அன்றைக்குப் பாதி உண்மையானது போல இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அன்று பகல் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். அடுத்து வந்த நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஒரு கிழமையில் போத்தலை முடித்தேன்.

பத்தாவது நாள் பசை எல்லா இலையிலும் காய்ந்துவிட்டது. முடிகள் வெறுமனே நின்றன. கொசுவை வைத்தால் அது நடந்து போனது. இலை நுனிகள் கருகின. சட்டியில் மண்ணுக்குப் பதிலாக இருந்த பாசி மேல் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்தது, பழைய கேத்தலுக்குள் படிகிறதே, அது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் ஒத்துக்கொள்ள மனமில்லை. அவருடைய போனில் அந்தச் செடிக்காரரின் நம்பர் இருந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தேன். சிங்களத்தில்தான் பேசினோம். அவருக்கு என் கணவரை நன்றாக ஞாபகம் இருந்தது. மவுத்தான செய்தியைச் சொன்னதும் எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு கேட்டார்: "என்ன தண்ணீர் ஊற்றினீர்கள், நோனா?"

சொன்னேன். மக்காத் தண்ணீர் என்றேன்.

நல்ல மனிதர், சொல்லைத் தேடித்தான் சொன்னார். "அது மனிதருக்கு நல்ல தண்ணீர், நோனா. பூமிக்குக் கீழேயிருந்து வருவதில்லையா, சத்து நிறைய இருக்கும். இந்தச் செடிக்குத்தான் சத்து ஆகாது." பிறகு, "மழை இல்லாவிட்டால் பெற்றோல் ஷெட்டில் பெட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் விற்கிறார்களே, அது போதும். உங்கள் மாத்தயாவும் அவசரத்துக்கு அதைத்தான் வாங்கினார்" என்றார்.

பெட்டரித் தண்ணீர்! எங்கள் சந்தி ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மதினியிடம் சொல்லியிருந்தால் சனிக்கிழமைச் சாமானோடு வாங்கி வந்திருப்பார். இந்த மனிதர் அதை ஒரு நாளாவது எனக்குச் சொன்னாரா? இல்லை, செடியின் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்த நான், சொன்னாலும் காதில் வாங்கியிருப்பேனா? தண்ணீரில் குற்றமில்லை. நான்தான் மனிதருக்கு வைத்ததைச் செடிக்குக் கொடுத்தேன். இருந்தாலும் அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஸம்ஸம் ஊற்றினேன், செத்துவிட்டது என்று எங்கள் வீடுகளில் ஒரு பெண் வாயால் சொல்ல முடியுமா? மதினியிடம்கூட நான் சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் செடி முழுக்கப் பழுப்பாகிச் சாய்ந்துவிட்டது. அதற்கிடையில் இரண்டு வெள்ளி மகளை ஏமாற்றினேன். ஒரு தடவை வெளிச்சம் போதாது என்றேன், மறு தடவை போனில் சார்ஜ் இல்லை என்றேன். மூன்றாம் வெள்ளி அவள் விடவில்லை.

"உம்மா, டிக்கட் போட்டாச்சு. வார மாசம் வாறோம். செடியக் காட்டுங்க."

"பேந்து காட்டுறேன் மகள்."

"இப்ப காட்டுங்க. என்னமோ ஒளிக்கிறீங்க."

போனைக் குசினிக்குக் கொண்டுபோனேன். அவள் பார்த்தாள். மடியில் பிள்ளை அவளுடைய விரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய முகம் சுருங்குவதைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன தண்ணி ஊத்தினீங்க?"

ஸம்ஸம் என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். எந்த ஸம்ஸம், அதுதான் வாப்பாவோடு முடிந்துவிட்டதே என்பாள். செடி செத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போய், வாப்பா தொண்டை காய்ந்து தனியே போனதை அவளுக்குச் சொன்னவளாகிவிடுவேன். நாக்கு நுனி வரைக்கும் உண்மை வந்து நின்றது. விழுங்கினேன்.

"பைப் தண்ணி" என்றேன்.

"பைப் தண்ணியா? உம்மா! வாப்பா எத்தின தரம் சென்னாங்க! எழுதியும் ஒட்டி ஈந்தாங்களே! உங்களுக்கு ஆரம்பத்துலேந்தே அந்தச் செடியப் புடிக்காது. அதான் பாக்கல்ல. ஒரே ஒரு சாமான்தானே கேட்டேன் உங்ககிட்ட. ஒரே ஒண்டு."

அவள் அழுதாள், பிள்ளையும் பயந்து பார்த்தது. நான் வாய் பேசாமல் ஏச்சு வாங்குவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் இளகிவிட்டது. அவள் வாப்பாவின் மகள், கோபம் நிலைக்காது.

"சரி உம்மா, உடுங்க. நான் ஏசினதுக்கு மாப்புச் செய்ங்க. செடி போனாப் போகட்டும். வாப்பாக்கு கடைசி நேரம் உங்கட கையால ஸம்ஸம் குடுத்தீங்களே. எனக்கு அது போதும்."

"ஓ மகள்" என்றேன்.

பிள்ளை பாலுக்கு அழத் தொடங்கியது. அவள் ஸலாம் சொல்லிப் போனை வைத்தாள்.